என் கண் போன இடம்

மார்ச் 4, செவ்வாய்

விடிந்தும் பனி. எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. கோழி சத்தம் மட்டும்.

எடை ஐம்பத்திரண்டரை. தண்ணீர் நேற்று நாலு கிளாஸ். மாத்திரைக்கு இன்னொரு அரை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நர்ஸ் மிஸ்ஸி எழுதச் சொன்னது இவ்வளவுதான். மிச்சம் என் இஷ்டம்.

வேன் லேட். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு. பிரிஞ்சாங் டயாலிசிஸ் சென்டருக்குள் நுழையும்போதே எல்லாரும் மெஷினில்.

புதிதாக ஒரு டாக்டர் பெண். கவிதா. ஈப்போக்காரி, நம்ம ஆள். ஆராய்ச்சி செய்கிறதாம், அதுவும் ரெண்டு. முதலாவது ரத்தம் ஓடுகிற டியூப். ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டதும் 'இது நம்ம உடம்பு இல்லை' என்று கண்டுபிடித்துக் கட்டி தட்டிவிடுமாம். அதனால் டியூபுக்கு உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு. எனக்குக் கட்டி தட்டாமலிருக்கப் போடும் மருந்து ஒத்துக்கொள்ளாது. அதனால் என்னைக் கேட்டது.

"ரத்தத்தையே ஏமாத்தப் போறீங்களா?" என்றேன்.

"ஆமா பாட்டி, ஒரு நாலு மணி நேரத்துக்கு."

சரி என்றேன். பொய் சொல்லாத பிள்ளை.

ரெண்டாவது, கண். பிரஷர் இறங்குவதற்கு முன்னாலேயே கண் அசைவு மாறுமா என்று பார்க்கவேண்டுமாம். கேமரா வைத்த மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டது. "எங்க வேணும்னாலும் பாருங்க பாட்டி, டிவி பாருங்க."

எனக்கு நேர் எதிர் நாற்காலி கா. முழுப் பெயர் எழுத மாட்டேன். என் கொழுந்தன் பெண்டாட்டி. திரிங்காப்பிலிருந்து மகனுடைய முட்டைக்கோஸ் லோரியில் வந்து மகாராணி மாதிரி இறங்குவாள். என் மகள் சடங்கில் பந்தி நடுவே எழுந்து நின்று, "பாயாசம் அடிப்பிடிச்சிருக்கு" என்றாள். கட்டியிருந்தது பச்சைப் புடவை, சரிகை பாதி போனது. பாயாசம் வைத்த அண்டா அவள் கொடுத்தது. அடி மெல்லிசு. அன்றைக்கு நின்றது பேச்சு. அந்த மகளின் பையன் இப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான்.

மிஸ்ஸி என் பழைய டியூபை டாக்டருக்குக் காட்டினாள். உள்ளே கறுப்பாக நூல் நூலாக ரத்தம்.

கா. கூரையைப் பார்த்துக்கொண்டு: "மிஸ்ஸி, சில பேரு ரத்தம் அப்படித்தான் லா. ஒட்டுனா விடாது."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு: "மிஸ்ஸி, சில பேரு வாய்க்கும் பூச்சு பூச முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க."

மிஸ்ஸி: "நான் என்ன போஸ்ட் ஆபிஸா?"

மார்ச் 6, வியாழன்

மழை. குடையில் கம்பி ஒன்று போச்சு. தண்ணீர் நாலு. நிஜமாகவே நாலு.

செவ்வாய்க்கிழமை ஓடிய புது டியூபைக் கழுவி வைத்திருந்தது டாக்டர். சுத்தம், ஒரு நூல் கிடையாது. கை தட்டலாம் போல. கையில் ஊசி.

பிறகு கம்ப்யூட்டரில் என் கண் போன இடத்தைக் காட்டியது. ஹால் முழுக்கத் தெரிகிறது, அதில் ஒரு சிவப்புப் புள்ளி ஓடுகிறது. புள்ளிதான் என் கண்ணாம். கா. முகம். கா. டியூப். கா. மெஷின். கா. போர்வை. மிஸ்ஸி பக்கம் கொஞ்சம். திரும்ப கா. முகம்.

"டிவி பார்க்கவே இல்லையே பாட்டி? அவங்க உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?"

"டிவி அவ தலைக்கு மேலதான் இருக்கு" என்றேன்.

கா.வும் அதே கண்ணாடிதான் போட்டாள். அவள் புள்ளி எங்கே போனது என்று கேட்டேன்.

"மத்தவங்களுது சொல்லக்கூடாது பாட்டி." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முக்கியமானது: இடம் கிடைத்துவிட்டது! கா. முகத்தில் முழிக்காத ஒரு நாற்காலி வேண்டும் என்று எத்தனை மாதமாக மிஸ்ஸியைக் கேட்கிறேன். தூணுக்குப் பின்னால், ஜன்னல் ஓரம், அங்கே இருந்த சீனக் கிழவர் மகளோடு ஈப்போவுக்குப் போகிறாராம். சனிக்கிழமையிலிருந்து எனக்கு. என் பழைய இடம் கியா பார்மிலிருந்து வரும் புது ஆளுக்கு.

கா. காதில் விழும்படி ரெண்டு தரம் நன்றி சொன்னேன்.

மார்ச் 8, சனி

வெயில். துணி காய்ந்தது. எடை சொல்லமாட்டேன் (நேற்று வடை).

புது இடம் நல்ல இடம். ஜன்னலில் பூக்கடை, ஸ்ட்ராபெரி மாதிரி தொப்பி போட்ட பிள்ளைகள். எதிரே தூண். கா. தெரியவில்லை. நிம்மதி. ஒரு மணி நேரம் நல்ல நிம்மதி.

அப்புறம் தூணுக்கு அந்தப் பக்கம் மெஷின் கத்தியது. மிஸ்ஸி ஓடினாள். டாக்டர் ஓடியது. "காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க!"

"யாருக்கு?" என்றேன். எழ முடியாது, ரெண்டு ஊசி கையில், பாதி ரத்தம் மெஷினில். கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் தூண்தான். "மிஸ்ஸி, யாருக்கு?" ஜன்னலுக்கு வெளியே அந்தத் தொப்பிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கின்றன.

கா.வுக்குப் பிரஷர் இறங்குவது எனக்குத் தெரியும். முதலில் கொட்டாவி விடுவாள். பிறகு கூரையைப் பார்க்கிற கண் கூரையைத் தாண்டி எங்கேயோ போகும். அப்போது நான், "மிஸ்ஸி, அங்க ஒருத்தி கொட்டாவி விட்டே ஊரை முழுங்குறா" என்பேன். மிஸ்ஸி போய்ப் பார்ப்பாள். இன்றைக்கு யார் சொல்வது?

எனக்குப் பத்து வயது கூடிப்போன பிறகு கா. குரல்: "ஏன் எல்லாரும் என் காலைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?"

சாமி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றும்போது, "இன்னைக்கு தூணையே பார்த்திருக்கீங்களே பாட்டி."

"பெயிண்ட் உரிஞ்சிருக்கு. சென்டர் துரைகிட்ட சொல்லுங்க."

மிஸ்ஸியிடம் பழைய இடத்தைத் திரும்பக் கேட்டேன். இங்கே டிவி தெரியவில்லை என்றேன். முறைத்தாள். "செவ்வாய்க்கிழமை வர்ற புது ஆளுக்குச் சொல்லியாச்சு பாட்டி. விளையாட்டா?"

சோறு இறங்கவில்லை. வடை மிச்சம் ஒன்று. அது இறங்கியது.

மார்ச் 11, செவ்வாய்

பனி, பிறகு வெயில், பிறகு பனி. தண்ணீர் மூன்றரை. நல்ல பிள்ளை.

தூண் பக்கம் நடந்தேன். மிஸ்ஸி கையைப் பிடித்துப் பழைய நாற்காலிக்குத் திருப்பினாள்; தூண் பக்கம் இனி புது ஆளுக்காம். சனிக்கிழமை போகும்போது கா. சத்தம் போட்டாளாம். என் பழைய நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, அங்கே யாராவது பெரிய தலையாக உட்கார்ந்தால்தான் மறைக்கும், புது ஆளுக்குத் தலை சின்னது என்று. புது ஆளை அவள் பார்த்ததே இல்லை.

உட்கார்ந்தேன். ஊசி ஏறியது. மிஸ்ஸி அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். நடுவில் ஆள் இல்லை. கா. கூரையைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள்.

"அக்கா. அந்தப் பாயாசம் அடிப்பிடிச்சுதான் இருந்துச்சு."

"அண்டா உன்னுது."

"அடுப்பு உங்களுது."

"விறகு உன் புருஷன் வெட்டுனது. பச்சை விறகு."

"அவர் செத்துப் போயிட்டாரு, அவரை ஏன் இழுக்குறீங்க?"

"உயிரோட இருக்கும்போதும் ஈர விறகுதான் வெட்டுனாரு."

சிரித்துவிட்டாள். மெஷின் கீச்சென்றது. மிஸ்ஸி ஓடி வந்தாள். "யாரு கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல லா" என்றாள் காமாட்சி. "போங்க. நாங்க பேசிட்டு இருக்கோம்."

சர்க்கரையும் அவள் கொடுத்ததுதான், அதையும் சொன்னேன். மறுத்தாள். நாலு மணி நேரம் பத்தவில்லை. பிரஷர் ரெண்டு பேருக்கும் நல்லாயிருந்தது. புது டியூபில் கட்டி இல்லை. டாக்டருக்குத்தான் கஷ்டம், கண்ணாடி போட்டுக்கொண்டு இப்படிச் சிரித்தால் கேமரா ஆடுகிறதாம்.

போகும்போது காமாட்சி மகனை விட்டு லோரியிலிருந்து ஒரு கோஸ் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். பெரிய கோஸ்.

வெளி இலை மூன்று வாடல். மறக்க மாட்டேன்.