முழு மிளகு

திண்ணனூர் நாடு
9.3.2004

ஏனுங்க,

இங்கே எல்லோரும் சுகம். இந்த வருடம் நம் மலைத்தோட்டத்தில் பறித்த மிளகு வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது.

எட்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து, பானுமதியைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், உங்களைத் துபாய்க்கு அனுப்பிய ஆபீசில் விசாரித்தேன். நன்றாக இருக்கிறீர்களாம். கம்பெனி ரூமைக் காலி செய்துவிட்டு வெளியே வீடு எடுத்திருக்கிறீர்களாம். இந்த விலாசம் அவர்கள் தந்ததுதான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றதும் நிம்மதியாக இருந்தது.

திரும்பும் வழியில் பிலிப்பைன்ஸ் சாப்பாடு என்று போர்டு வைத்த சின்ன ஓட்டல் ஒன்று. உங்களோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரி ஆக்கித் தந்த கோழியைப் பற்றிக் கடைசிக் கடிதத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்களே, அதையே கேட்டு வாங்கினேன். வினிகர் ஊற்றி வேகவைத்த கோழி. குழம்பு நிறைய முழு மிளகு.

பானுமதி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா இதைத் தொடக்கூட மாட்டாருங்களே" என்றாள்.

"நானும் அப்பிடித்தான் கண்ணு நெனச்சிருந்தேன்."

பொங்கலில் ஒரு மிளகு கிடந்தாலும் பொறுக்கித் தட்டோரம் வைப்பீர்கள். உங்களுக்காகவே பத்தொன்பது வருடம் இடித்துப் போட்டேன். அன்றைக்கு ஒவ்வொரு மிளகாகக் கடித்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

அடிவாரத்து மளிகைக்கடை சுஹைல் பாய் அடுத்த வாரம் துபாய் வருகிறார். எப்போதும் கொடுத்துவிடும் மிளகுப்பொடி இந்தத் தடவை இல்லை. இடிக்காமல் முழு மிளகாகவே இரண்டு கிலோ கொடுத்துவிடுகிறேன்.

அங்கே ஆக்குகிறவர்களுக்கு அதுதான் தோதாக இருக்கும்.

பானுமதியின் அம்மா