நீல விளக்கை அணைத்துவிட்டேன், பாவா

சண்டை போட்ட நாளிலும் என்னைச் சாப்பிடாமல் அனுப்பாத என் அக்கா புருஷனுக்கு, என் பாவாவுக்கு,

உன் விளக்கை நேற்று என் கையால் அணைத்தேன். தெருவே திட்டி முடித்துவிட்டது. இனி உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அசதியாக இருக்கிறது பாவா. கோபப்படக்கூடத் தெம்பில்லை, ஆனாலும் கோபம் வருகிறது.

நீ போய்ப் பத்து மாதம். மலையடிவாரத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வந்தபோது வழியெல்லாம் தண்ணீர் லாரி, லாரியெல்லாம் பேனர். கூட்டம் கலைந்ததும் லாரிகளும் போய்விட்டன. நம் தெருக் குழாயில் வருவது அதே கலங்கல். முருகனைப் பார்க்க வருகிறவனுக்குத்தான் தாகம் எடுக்குமா? அடியிலேயே கிடக்கிறவனுக்கு எடுக்காதா?

அதனால்தானே நாமே போர் போட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்த இயந்திரத்தை வைத்தோம். எவர்சில்வர் குழாய்க்குள் தண்ணீர் ஓடும்போது, நடுவில் எரியும் புறஊதா விளக்கு கிருமியைக் கொல்லும். விளக்கு நனையாமலிருக்க ஒரு கண்ணாடி உறை. மாதம் ஒருமுறை நீ நிறுத்தி, அந்த உறையைக் கழற்றித் துடைப்பாய். வருடம் ஒருமுறை விளக்கையே மாற்றுவாய். பிளீச்சிங் பவுடர் நாற்றமில்லாத தண்ணீர் என்று தெரு உன்னைக் கொண்டாடியது.

திருப்பதி ரோட்டில் லாரி உன்னை அடித்துப் போட்ட பதினாறாம் நாள், எதிர்வீட்டு தனம்மா அத்தை குழாயின் முனையிலிருக்கும் சின்னக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். உள்ளே நீலமாக எரிந்தது.

"பாருங்கடி, அவன் ஏத்துன வெளக்கு எரிஞ்சிகினே கீது. வருசத் தெவசம் முடியற வரிக்கும் ஒருத்தரும் அணைக்கக் கூடாது."

சாவு வீட்டு விளக்கை அணைக்கக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் பாவா. அன்றைக்கு அது சரியாகத்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை தோறும் குழாய்க்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. நிறுத்தினால்தானே திறக்க முடியும்? திறக்கவே இல்லை. சோதிக்க வந்த அதிகாரி எட்டிப் பார்த்து, "எரியுதே" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பக்தியும் சோம்பலும் ஒரே ஓட்டை வழியாகத்தான் பார்த்தன.

தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. போன வாரம் உன் மகள் பவித்ராவுக்கு. நாலு வயதுக் கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் திணறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றே நம் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் பிடித்து வைத்தேன். மறுநாள் கறுத்துவிட்டது. கறுத்தால் மலக் கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவிடம் சொன்னேன்.

"வெளக்குதான் எரியுதேடா."

"எரியும்கா. பாவா மாத்தி ஒரு வருசம் தாண்டிப்போச்சு. வெளிச்சம் இருக்கும், கொல்ற சக்தி இருக்காது. உறையிலயும் அழுக்கு. நிறுத்தணும்."

"அவரு தெவசத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது."

"கரண்ட் போறப்போ அணையலியா?"

"அது கரண்ட்டுக்காரன் அணைக்கிறது. நம்ம கையால அணைக்கக் கூடாது."

கறுத்த குப்பியை அவள் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்தாள். அழுகிய முட்டை நாற்றம். பக்கத்தில் பவித்ரா சுருண்டு படுத்திருந்தாள். அக்கா குப்பியை மூடிவிட்டுப் பிள்ளையின் வயிற்றைத் தடவினாள்.

"போய் அணை. நான் பாக்க வரமாட்டேன்."

சுவிட்சில் கை வைத்தபோது தனம்மா அத்தை கத்தினார்: "ஏன்டா, அக்கா புருசன் செத்து வருசம்கூட ஆவல, அதுக்குள்ள உனுக்கு என்னா அவசரம்?"

அணைத்தேன். உறையை உருவினால், துருப்பிடித்த கம்பிபோலப் பழுப்பு. திட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வரமாட்டேன் என்ற அக்கா, புளி கரைத்த சொம்போடு வந்தாள். உட்கார்ந்து, துணியை நனைத்து நனைத்து அந்த உறையைத் தேய்த்தாள். கண்ணாடி தெரியும்வரை தேய்த்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன், போ.

பழைய விளக்கைக் குளத்தில் விடலாம் என்றார்கள், அஸ்திபோல. உள்ளே பாதரசம் இருக்கிறது, கூடாது என்றேன். அதற்கும் திட்டு. புது விளக்கு மாட்டியாயிற்று. அடுத்த குப்பி கறுக்கவில்லை என்று தெரியும்வரை, எல்லோரும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் கேட்பார்கள்? பவித்ரா இன்று கஞ்சி குடித்தாள்.

நீ இருந்திருந்தால் என் பக்கம் நின்றிருப்பாயா? நிற்பாய் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன் பாவா. மாதம் ஒருமுறை அணைப்பேன், துடைப்பேன், ஏற்றுவேன். உன் தெவச நாளில் அந்த முறை வந்தால் அன்றைக்கும் அணைப்பேன். யார் அழுதாலும்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
திருத்தணி