தண்ணீரில் இறங்காத சிவப்பு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு ஃபேன்சி கடையில் நின்றுகொண்டு, நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் மானம் போனதுபோலப் பக்கத்தில் நெளிந்தாள். பாட்டிலில் ஒரு இலைப் படம், அதன் கீழே "முழுக்க இயற்கை, கெமிக்கல் இல்லை" என்று பச்சை எழுத்து. மூக்கில் ஏறியதோ பெயிண்ட் கடைத் தின்னர் வாடை. பிள்ளைகளுக்கே போடலாம் என்று கடைப்பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். "தண்ணிகூட கெமிக்கல்தான். அதுவும் இல்லன்னா இதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது உன் கேள்வி என்று உறைத்தது.

நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. உன் சந்தேகத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பால் பாக்கெட், மஞ்சள்தூள், மகளின் பென்சில் பெட்டி வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் விட உன்னைத்தான் அதிகம் சந்தேகப்பட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் கம்பெனியில் நீ டெஸ்டிங் அறை, நான் மடிப்பு மேசை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாய். துணித் துண்டைத் தண்ணீரில் போட்டு, மூழ்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பாய். விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கில் துணியைக் காட்டி, வெளுப்புக்காக எவனாவது எதையாவது கலந்திருக்கிறானா என்று தேடுவாய். "வெள்ளையா இருக்குன்னு சொல்லக் கண்ணு போதும். எதனால வெள்ளையா இருக்குன்னு பாக்கத்தான் சம்பளம் தாராவ" என்பாய்.

மடிப்பு மேசையில் நெயில் பாலிஷ் கூடாது என்பது சட்டம். உதிர்ந்த பொடி துணியில் விழுந்தால் அது யாருடைய புண்ணுக்குள்ளோ போகும். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பூசிக்கொள்வோம், ஞாயிறு முழுக்கக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவோம், திங்கள் காலையில் ரிமூவரை ஊற்றித் தேய்ப்போம். வாரம் தவறாமல் இரண்டு வருஷம் இப்படிச் செய்ததில் என் நகம் மஞ்சளாகி, அடுக்கடுக்காக உரிய ஆரம்பித்தது. டீ நேரத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏட்டி, இது நகமா, வெங்காயத் தோலா?" என்று கேட்டாய். அங்கே தொடங்கியதுதான் எல்லாம்.

வீட்டிலேயே செய்யலாம் என்று நான் போனில் வீடியோ வீடியோவாகக் காட்டினேன். ஒருத்தி ஒட்டும் பசையில் கேசரிப் பவுடரைக் கலந்து பூசிக்கொண்டு சிரித்தாள். அந்தக் கையாலேயே சோறு தின்பாளா என்று நீ கேட்டாய். இன்னொருத்தி எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டு நகத்தை வெளுக்க வைத்தாள். காய்ந்துபோன நகத்தை அது இன்னும் காய வைக்கும் என்று தள்ளிவிட்டாய். பீட்ரூட் சாறு நகத்தில் நிற்கவே இல்லை, மூன்றாம் நாள் டப்பாவில் பூஞ்சை பூத்தது. இயற்கையானது என்று யாராவது சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும். அரளிக்காயும் இயற்கைதானே என்பாய். எதைக் காட்டினாலும் கடைசியில் ஒரே கேள்வி கேட்பாய்: "போடுறது பெரிசில்ல. எதை வச்சு எடுப்ப?"

வேம்பாளம்பட்டையைக் கண்டுபிடித்தது நீ. தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் சிவப்பு நிறத்துக்காகப் போடுகிற பட்டை. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி வந்ததும், நேரே எண்ணெயில் போடாமல் ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டாய். செத்த நேரத்தில் தண்ணீர் ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிட்டது. சாயம் ஏற்றிய பட்டை என்று தூக்கிப் போட்டாய். அசல் பட்டையின் நிறம் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காதாம். மூன்றாவது கடைப் பட்டையில்தான் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. எண்ணெயில் போட்டபோது கருஞ்சிவப்பாக இறங்கியது.

தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் வைத்துப் பட்டையை ஊறப்போட்டு, கழிவுத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து உருக்கினோம். அந்த மெழுகையும் நீ விடவில்லை. கிள்ளி, கசக்கி, மெழுகுவத்தி வாடை வருகிறதா என்று மோந்தாய். முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் காத்திருக்க வைத்தாய். கடைசியில் நகத்தில் தேய்த்துத் துணியால் துடைத்தபோது வந்தது கடைச்சாமான் பளபளப்பு இல்லை, உற்றுப் பார்த்தால் தெரிகிற ஒரு ரோஸ் நிறம், அவ்வளவுதான். எடுக்க ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். நாலைந்து மாதத்தில் நகம் தேறியது. நம் சாயத்தின் மகிமை என்று நான் பீற்றிக்கொண்டேன். "சாயம் ஒண்ணும் பண்ணல. ரிமூவரை நிப்பாட்டினோம், அம்புட்டுதான்" என்றாய். நாம் செய்ததையே நீ நம்பவில்லை. வேலைக்கு வரும்போது இதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாய். பாலிஷ் உதிரும், இது உதிராது, ஆனால் தொட்டதில் ஒட்டும்.

என்னைப் பெண் பார்க்கச் செட்டியார்பட்டியிலிருந்து வருவதாகச் சொன்ன நாள் ஒரு புதன்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் நேரத்துக்கு அவர்களும் வந்துவிடுவார்கள். புடவை மாற்றவே நேரம் போதாது. அதனால் காலையிலேயே மெல்லிசாகத் தேய்த்துக்கொண்டு போனேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மத்தியான வெக்கையில் கை வியர்த்தது. கையுறை இல்லாத காலம் அது, மடிப்பை அழுத்துவது பெருவிரல்தான்.

மறுநாள் நாலு மடிப்பில் ரோஸ் நிறத் தீற்றல் இருந்தது. என் பக்கத்து இருக்கை சேத்தூர் செல்லம்மாள் அக்காவுடையது. எங்களை விடப் பதினைந்து வயது மூத்தவர், காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்திருப்பார். சூப்பர்வைசர் அவர் நெற்றியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், அதோடு விசாரணை முடிந்தது. அக்கா எம்புட்டோ சொல்லிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து மடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மத்தியானம் என்னை டெஸ்டிங் அறைக்குக் கூப்பிட்டாய். மேசையில் மூன்று கிளாஸ். அக்காவின் குங்குமத்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டிருந்தாய், அது சிவந்து கிடந்தது. கறை பட்ட துணி இன்னொரு கிளாஸ் தண்ணீரில் கிடந்தது, தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. மூன்றாவதில் தேங்காய் எண்ணெய். அதில் கறைத் துண்டை என் கண் முன்னால் போட்டாய். மெதுவாக ரோஸ் நிறம் இறங்கியது.

"குங்குமம் இல்லட்டி. எண்ணெயிலதான் இறங்குது. நேத்து உன் கையில ஏதும் இருந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

நீ என் நகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் இருந்திருக்காது, முந்தின நாளே துடைத்துவிட்டேன். என் முகத்தை மட்டும் பார்த்தாய். "சரி" என்றாய்.

ஏன் பொய் சொன்னேன் என்று இப்போது நியாயம் தேடவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், வேலை நிரந்தரமா என்று இரண்டு தடவை கேட்டிருந்தார்கள். வேலை போனால் சம்பந்தமும் போய்விடும் என்று பயந்தேன். அது குங்குமம் இல்லை என்று நீ போய்ச் சொன்னாய். ஆளை மாற்றியாகிவிட்டது, இனிமேல் கிளறாதே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அக்காவைக் கழிவுப் பஞ்சு அறைக்கு அனுப்பினார்கள். அந்தத் தூசியில் அவருக்கு இளைப்பு வந்தது. ஆறு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

என் கல்யாணத்துக்கு நீ வந்தாய். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் நம் சாயத்தைக் கொண்டு வந்து கையில் வைத்தாய். வாழ்த்துகிறாயா, குத்திக் காட்டுகிறாயா என்று தெரியாமல் அன்று முழுக்கத் தவித்தேன். அதைத் திறக்கவே இல்லை. பிறகு பத்து வருஷம் உன் ஒவ்வொரு வார்த்தையையும் நீ துணியைச் சோதிப்பதுபோலச் சோதித்தேன். என் மகள் பிறந்தபோது அவள் விரலைப் பிடித்து நகத்தைத் தடவினாய், அதிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். பொங்கல் முடிந்ததும் வருஷா வருஷம் போனில், "சேத்தூர் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்பாய். நான் உடனே மாவு விலை, மழை என்று பேச்சை மாற்றுவேன். நீயும் விட்டுவிடுவாய். தெரிந்துகொண்டு என்னை வேடிக்கை பார்க்கிறாள் என்று உன்மேல் கோபம்கூட வரும். தப்பு செய்தவள் நான், கோபமும் எனக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த அன்று உன் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். காய்ச்சல்தானே, ரெண்டு நாளில் வந்துவிடுவாய் என்றார்கள். உன் அண்ணன் பக்கத்தில் இருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "உன் மக இன்னும் நகத்தைக் கடிக்காளா?" என்று நீ முந்திக்கொண்டாய். கடிக்கிறாள் என்றேன். "அப்ப கடைச் சாமான் எதையும் பூசிராத" என்றாய். நாளைக்குத் தனியாக வந்து சொல்லலாம் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் உன் அண்ணன் போன் பண்ணினார்.

ஃபேன்சி கடையிலிருந்து வெறுங்கையோடு வந்ததில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நானே செய்து தருகிறேன் என்று சமாதானம் சொல்லி, இராஜபாளையத்தில் வேம்பாளம்பட்டை வாங்கினேன். அடுப்படி மேடையில் இரண்டு கிளாஸ் வைத்து, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எண்ணெய் ஊற்றிப் பட்டையைப் போட்டேன். மகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய் சிவந்தது. "தண்ணி ஏம்மா மாறல? பொய் சொல்லுதா?" என்று கேட்டாள். அடுப்பைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சேத்தூர் பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். செல்லம்மாள் அக்கா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்துக் குப்பி. என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்தது, சாயம், பெருவிரல், பொய், எல்லாம். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "அந்த வாரமே உன் சேக்காளி இங்க வந்துட்டா. குங்குமம் இல்லக்கா, உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டா. அப்ப யாருன்னு கேட்டேன். பேரைச் சொல்லல. அவளே வந்து சொல்லுவா, செத்த பொறுங்கன்னா. பக்கத்துல உக்காந்தவ நீதானே, எனக்கே புரிஞ்சு போச்சு."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"பொங்கலுக்குப் பொங்கல் வருவா. மருந்து வாங்கிட்டு வருவா. அவ வந்தாளாக்கான்னு கேப்பா. இல்லட்டின்னு சொல்லுவேன். வருவாக்கா, அவ வந்துருவான்னுட்டு பஸ் ஏறிப் போவா. எனக்கு அப்பவே நம்பிக்கை விட்டுப் போச்சு. அவளுக்கு விடல."

என்னை மன்னித்ததாக அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூச்சு வாங்க வாங்க எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். வரும் பொங்கலுக்கு நான் வருகிறேன் என்று சொன்னேன். வந்தால் பார்ப்போம் என்றார்.

எதையும் நம்பாதவள் நீ. மஞ்சளை, மெழுகை, உன் கையால் காய்ச்சியதையே நம்பாதவள். இந்தப் பத்து வருஷமாக நீ என்னைக் குத்திக் காட்டவில்லை, சோதிக்கவில்லை, சும்மா காத்துக்கொண்டிருந்திருக்கிறாய். கடைசியில் நான் போய்விட்டேன், கேட்டுக்கோ. இனிமேல் வருஷா வருஷம் அக்காவுக்கு மருந்து வாங்கிப் போக வேண்டியது என் பொறுப்பு. "அவ வந்துட்டாட்டி" என்று அக்கா உன்னிடம் சொல்ல முடியாமல் போனது மட்டும் என்னால்தான்.