ஷாலினியின் பனிமலைக்கு நான் போட்ட திட்டம்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி மூன்று நாளாகக் காயவில்லை. அப்பா எஸ்டேட்டுக்குப் போகவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி சேற்றில் மாட்டிக்கொண்டதாம்.

மதியம் ஷாலினியும் அவள் புருஷன் முகுந்தனும் ரவாங்கிலிருந்து வந்தார்கள். ஜூனில் கல்யாணம் ஆனபிறகு எங்கள் அசாம் ஜாவா பக்கம் இரண்டாவது தடவைதான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"டீ வனி, ஜப்பான் டிக்கெட் போட்டாச்சு! ஜனவரி இருவதுலேருந்து இருவத்தஞ்சு. இவருக்கு அந்த வாரந்தான் லீவு. ஆஃபர் டிக்கெட்டு, தேதி மாத்த முடியாது. பேரு வேணா ரெண்டு வாரத்துக்குள்ள மாத்தலாமாம். எதுக்கு மாத்தப் போறோம்?"

"ஓ" என்றேன்.

"ஸ்கீ எல்லாம் வேணாம். விழுந்து கால ஒடச்சிக்கிட்டா யாரு பாக்கிறது? நம்ம போட்ட மாதிரியே லா. பனி, குரங்கு, சுடுதண்ணி. உன் பச்ச ஃபைல் இருக்குல்ல, அத குடேன்."

நம்ம போட்ட மாதிரியே. அந்தப் பச்சை ஃபைல் பள்ளி முடித்த வருடம் ஆரம்பித்தது. ஜப்பானில் மலைப் பக்கம், பனிக்காலம், ஐந்து நாள், சறுக்கு கிடையாது, இரண்டு பேர். இரண்டு பேர் என்றால் அவளும் நானும். ரயில் நேரம், எந்த ஊரில் பனி கூரை வரை நிற்கும், எந்தப் பாதையில் நடக்கலாம், எல்லாம் நான் சேர்த்தது. அவள் எழுதியது ஒரு பக்கம். அதிலும் பாதி பூ வரைந்தது.

கொடுக்கவில்லை. "நானே ஒழுங்கா எழுதித் தரேன்" என்றேன்.

"வனிதா இருக்கிறப்ப டூர் ஏஜென்ட் எதுக்கு லா" என்று முகுந்தன் சிரித்தான். அம்மா செய்த மீ கோரிங் நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டான். நல்லவன்தான். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜெராமில் வேலை. மீன் கம்பெனி கோல்ட் ரூம், மைனஸ் 18. இறால் பெட்டி, கணவாய் பெட்டி. சீனப் பெருநாள் ஆர்டர் இப்போதே. போர்டில் நோட்டீஸ்: ஜனவரியில் லீவு வேண்டுமானால் இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு கிடையாது. படித்தேன். எனக்கு எங்கே போக இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த பெண் கதவருகே விழுந்தாள். முதல் வாரம் எல்லாரும் அங்கேதான் விழுவோம். கண்ணுக்குத் தெரியாத ஐஸ். பிமல் அவளுக்கு நடந்து காட்டினான்: விரல்கள் வெளியே பார்க்க, முழுப் பாதமும் பதிய, குட்டிக் குட்டி அடி. வாத்து நடை. எனக்கும் அவன்தான் காட்டினான். நேப்பாளத்து மலை ஊர்க்காரன்.

பனி பார்க்க என் சிநேகிதி ஜப்பான் போகிறாள் என்று மலாயில் சொன்னேன்.

"அங்க அவங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. சும்மா பாக்க."

"எங்க ஊருல பனி கொட்டுனா ஆடு சாகும்" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சிலர் டிக்கெட் எடுத்துக் குளிரப் போகிறார்கள். எங்களுக்குச் சம்பளத்தோடு சேர்த்துத் தருகிறார்கள்.

நவம்பர் 15, சனி

மழை விட்டு விட்டு. தலைவலி. ஷாலினிக்குத் திட்டம் எழுத உட்கார்ந்தேன்.

நாள் 1: இறங்கியதும் ரயில். இடது பக்க ஜன்னல், மலை அந்தப் பக்கம்தான்.
நாள் 2: சுடுநீரில் குளிக்கும் குரங்குகள். பனியில் அரை மணி நடை.
நாள் 3: பழைய மரவீட்டுக் கிராமம். இரவு அங்கேயே தங்கல்.
நாள் 4: கேபிள் கார். மேலே ஒன்றும் செய்ய வேண்டாம். நின்றால் போதும்.

நான்காம் நாளை எழுதும்போது கை நின்றுவிட்டது. மேலே நிற்பது நான் என்றுதான் ஐந்து வருடமாக மனதில் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் முகுந்தன். இத்தனைக்கும் அந்த மலையின் பெயர்கூட அவனுக்குச் சொல்ல வராது.

பனியில் நிலா எப்படி இருக்கும், அந்த வாரம் நிலா உண்டா என்று பார்க்க, மளிகைக் கடை கொடுத்த புதுக் காலண்டரைப் புரட்டினேன். இருபதாம் தேதி வெறும் கீற்று. பௌர்ணமி பிப்ரவரி 1. சிவப்பு எழுத்து. தைப்பூசம்.

பின்னோக்கி எண்ணினேன். நாற்பத்தெட்டு நாள். டிசம்பர் 16.

முகுந்தனுக்கு மூன்று வருட நேர்த்திக்கடன். மோட்டார் விபத்தில் கால் தப்பியதற்கு அவன் அம்மா வேண்டிக்கொண்டது. இது மூன்றாவது வருடம், கடைசி. போன பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர் போத்தல் தூக்கிக்கொண்டு அவன் காவடிக்குப் பின்னால் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. நாற்பத்தெட்டு நாளும் மீன் இல்லை, முட்டை இல்லை. விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல். தரையில் படுக்கை. பெண்டாட்டி வேறு அறையில்.

இதை வைத்துக்கொண்டு ஜப்பானில் தேனிலவு! அங்கே சூப்பில்கூட மீன்.

அவனுக்குத் தேதி தெரியாது. அம்மா ஃபோன் போட்டு "நாளைலேருந்து விரதம்" என்றால் ஆரம்பிப்பவன். ஷா.வுக்குக் கல்யாணமானபின் இது முதல் பூசம். அவன் அம்மா ஜெராமில், டிக்கெட் தேதி அவருக்குத் தெரியாது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முழுசாகப் பார்த்தது நான் ஒருத்தி.

ஃபோனை எடுத்தேன். வைத்தேன்.

அம்மா: "என்னடி தானா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

நவம்பர் 20, வியாழன்

ஷா. ஃபோன். மதியச் சாப்பாட்டு நேரம்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டே இருக்கேன்."

"சாப்பாடு நல்லா போடு டீ. இவரு திங்கறதுக்குத்தான் வராரு."

போட்டேன். மூன்றாம் நாள் இரவு: பனி நண்டு, முழு நண்டு, இரண்டு பேருக்கு. நான்காம் நாள்: கரி அடுப்பில் மாட்டிறைச்சி. அவன் மாடு தின்னமாட்டான் என்று தெரியும், கோடு போட்டு அடித்துவிட்டேன். நண்டை அடிக்கவில்லை.

எவ்வளவு அழகாகத் திட்டம் போடுகிறேனோ அவ்வளவு வலிக்கும் அவளுக்கு. இதை எழுதிப் பார்த்தால் நான் எப்படிப்பட்டவள் என்று தெரிகிறது. தெரியட்டும். இந்தப் புத்தகத்தை யார் படிக்கப் போகிறார்கள்.

நவம்பர் 25, செவ்வாய்

வேலை முடிந்து ஜெராம் பஸ் ஸ்டாப். பக்கத்தில் வந்து நின்றது முகுந்தனின் அம்மா. கையில் காய்கறிப் பை.

"வனிதாதானம்மா நீ? ஷாலினி கூட்டாளி. வேலைக்கா வந்த?"

"ஆமா ஆன்ட்டி."

"என்னமோ ஜப்பான் போறாங்களாமே. எப்பன்னு கேட்டா பய 'சொல்றேம்மா சொல்றேம்மா'ங்கறான். உனக்குத் தெரியுமா?"

ஐந்து நாளுக்கும் ரயில் நேரம் மனப்பாடம் எனக்கு.

"தெரியல ஆன்ட்டி."

"அடுத்த மாச ஆரம்பத்துலயே போயிட்டு வந்துருவாங்க, என்ன? அப்புறம் விரதம் வந்துரும்."

"ஆமா ஆன்ட்டி."

பஸ் வந்தது. எனக்கு இடம் பிடித்து வைத்தார், இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிக்கொண்டார். அசாம் ஜாவா வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று பொய்.

நவம்பர் 30, ஞாயிறு

கோல்ட் ரூம் ஜாக்கெட்டைத் துவைத்தேன். ஷா. இரவல் கேட்டிருக்கிறாள். "மீன் நாத்தம் போற மாதிரி தொவச்சிரு டீ, ப்ளீஸ்." முதுகில் 14 என்று தைத்திருக்கும். என் நம்பர். மூன்று தடவை சோப்பு போட்டும் காலர் பக்கம் நாற்றம் போகவில்லை. நான்காம் தடவை போடவில்லை.

நேற்று அப்பாவோடு கோலா சிலாங்கூர் போனபோது, மின்மினி பார்க்கப் படகுக்குப் போகும் வேன் வழி கேட்டு நின்றது. உள்ளே ஒரு ஜப்பான் குடும்பம். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவர்கள் இருட்டில் பூச்சி பார்க்க இங்கே வருகிறார்கள். அவர்கள் ஊர்க் குரங்கைப் பார்க்க ஷா. அங்கே போகிறாள். நான் இரண்டு பேருக்கும் வழி சொல்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெடித்துவிட்டது.

காலை பத்து மணிக்கு ஷா. ஃபோன். அழுகை. கோயிலிலிருந்து காலண்டர் வந்து, அவள் மாமியார் நாள் எண்ணி, மகனுக்கு ஃபோன் போட்டு, "பதினாறுலேருந்து விரதம்பா" என்று சொல்லி, அவன் "ஜனவரியில டூர் இருக்கேம்மா" என்று சொல்லி.

"மூணாவது வருசம்டி. விட முடியாதுங்கறாரு. எனக்கே விடச் சொல்ல மனசு வரல. அவரு கால நான் பாத்திருக்கேன், தையல் போட்டது."

"ம்."

"யாருமே யோசிக்கல பாரு. யாருமே."

"ம்."

மனதில் பட்டாசு வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். துணி ஊறிக்கொண்டிருந்தது. போய் அலசினேன்.

டிசம்பர் 11, வியாழன்

சுல்தான் பிறந்தநாள் லீவு. வெயில், அதிசயம். ஷா. கோலா சிலாங்கூருக்கு வரச் சொன்னாள். மெலாவத்தி குன்றுக்கு நடந்து ஏறினோம். நான் ஏறியதிலேயே உயர்ந்த மலை, பத்துமலைப் படியை விட்டால். குரங்குகள் கடலை கேட்டு மேலே விழுந்தன.

பெஞ்சில் உட்கார்ந்தபிறகு கேட்டாள்.

"எங்க மாமியார பஸ் ஸ்டாப்ல பாத்தியாமே."

"பாத்தேன்."

"டூர் எப்பன்னு கேட்டாங்களாம். தெரியலன்னியாமே. ரயிலு எத்தன மணிக்கு வரும்னு எழுதுறவளுக்கு மாசம் தெரியாதா?"

பொய் தேடினேன். கிடைக்கவில்லை.

"தெரியும். விரதமும் தெரியும். காலண்டர்ல பாத்தேன்."

"எப்ப?"

"போன மாசம். பதினஞ்சு."

"ஏன் டீ சொல்லல?"

"நீ போகக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டேன். குரங்கு ஒன்று அவள் பையைத் திறக்கப் பார்த்தது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

பையை மடிக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்: "பேரு மாத்த இருவத்திரண்டு வரைக்கும் டைம் இருந்துச்சு வனி. பதினஞ்சே சொல்லியிருந்தா யாரு பேரப் போட்ருப்பேன்னு நெனைக்கிற?"

கோல்ட் ரூம் நோட்டீஸ் போர்டும் நினைவுக்கு வந்தது. ஜனவரி லீவுக்கு மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடு என்றது. எல்லாத் தேதியும் எனக்குத்தான் தெரியும். எல்லாம் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகத் தாண்டிப்போனது.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றேன்.

"போறேன். நான் மட்டும்."

"விடுவாங்களா?"

"இவருதான் அம்மாகிட்ட பேசினாரு. 'டிக்கெட்ட வீணாக்க வேணாம்மா, அவ போயிட்டு வரட்டும், நாப்பத்தெட்டு நாளும் நான் உங்க வீட்லயே இருந்துக்கிறேன்'னு."

அந்த அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும். பிள்ளை திரும்பிக் கிடைத்தான்.

இறங்கும்போது ஷா. எனக்கு முன்னால் நடந்தாள். கீழே வந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, ஒன்று மட்டும் சொன்னாள்:

"ஃபைல் வேணும். முழுசா."

டிசம்பர் 14, ஞாயிறு

மழை திரும்பிவிட்டது. முகுந்தன் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் வருகிறான், ஃபைலும் ஜாக்கெட்டும் எடுத்துப்போக. காலையில் ஒரு மணி நேரம் திருத்தினேன்.

அறை: ஒருவர். ரயில்: ஒருவர். நண்டு: பாதி நண்டு, ஒருவருக்கு.

தனியாகப் போகிறாள். இது என் ஃபைலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவனோடு போகிறாள் என்றபோது வந்த எரிச்சல் ஒன்றுமே இல்லை இதற்கு முன்னால். மலை மேல் தனியாக நிற்பாள். தனியாகப் போகலாம் என்று எனக்கு ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. யாராவது கூட வரவேண்டும் என்றே உட்கார்ந்திருந்தேன்.

கடைசித் தாள், குளிருக்கு:

உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம். வியர்த்தால் காயாது.
கையுறை இரண்டு சோடி, ஒன்றின் மேல் ஒன்று.
ஃபோன் உள்பையில், உடம்போடு. வெளியே வைத்தால் செத்துவிடும்.
மூக்கு வலித்தால் பரவாயில்லை. வலி நின்றுபோனால் உடனே உள்ளே போ.
ஜாக்கெட் திரும்பி வரவேண்டும். 14 என் நம்பர்.

முகுந்தன் வந்தான். நனைந்திருந்தான். டீ குடிக்கவில்லை. திட்டுவான் என்று நின்றேன்.

"அவ தனியா சமாளிப்பாளா வனிதா?"

"நீங்க சமாளிப்பீங்களா?"

"அம்மா இருக்காங்க. விரதம் முடிஞ்சு ரவாங் போனதும் ஒரு வாரம் நானே சமைக்கிறேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். சாம்பார் யூட்டியூப்ல பாத்துட்டேன் லா."

இப்படி ஒரு புருஷன் வேறு.

ஃபைலை பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்துக் கொடுத்தேன். கார் முனை திரும்பும்வரை நின்றேன்.

எனக்குத் தெரிந்த எல்லாம் அதில் இருக்கிறது. வாத்து நடையை மட்டும் எழுதவில்லை. ஒரு தடவை விழட்டும்.