பட்டறையில் ‘எடு’ என்று சொல்லக்கூடாது

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் கட்டிவிட்டார். நேற்று நான் குறடால் வெட்டி எறிந்த இடத்தில் இன்று காலை புதுக் கம்பி.

சட்டத்தைச் சாய்வாக அறுக்கும் மைட்டர் மெஷினின் பிளேடுக்கு மேல் ஒரு மூடி உண்டு. பிளேடு இருக்கும் மெஷின் தலையை இறக்கும்போது தானாக விலகும், தூக்கும்போது தானாக வந்து பல்லை மறைத்துக்கொள்ளும். அந்த மூடியை மேலே தூக்கிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். வெட்டுக் கோட்டை மறைக்கிறதாம். இத்தனை காலம் மறையாத கோடு இப்போது ஏன் மறைகிறது? இதைக் கேட்டால் மட்டும் காது கேட்காது. ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இடது பக்கம் இருக்கிற எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். டீயை இடது பக்கம் வைத்தால் ‘டீ எங்கே’ என்கிறார். நாற்காலியை நடுவழியில் நகர்த்திப் போட்டது நான்தான் என்று நேற்று ஒரு சண்டை. அந்த நாற்காலி வாங்கின நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறது.

இந்த மனுஷன்தான் வலது கையில் சுவிட்சும் இடது கையில் சட்டமுமாக நிற்கிறார். நான் எதிர்முனையில் சட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு வால்தான். அது எனக்குப் பெரிதில்லை. சுவிட்சை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது கையைப் பார்த்துப் பார்த்து என் உயிர் போய் உயிர் வருகிறது.

மார்ச் 6, வியாழன்

கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். அவ்வளவுதான், மூக்குக்கு மேல் கோபம். ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஒரே குத்தில் கோத்துக் காட்டினார்.

“பாத்தியா? எனக்கா கண்ணு தெரியல?”

வெளியே அவருக்கு நூலண்ணன் என்று பேர். அவர் சேர்த்த மூலையில் நூல்கூட நுழையாது என்பதால் வந்த பேர். பேப்பரில் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். அப்போது எனக்குத்தான் பைத்தியமா?

மார்ச் 8, சனி

காண்ட்ராக்டர் வந்தார். நூலகத்தில் பெரிய வாசிப்பறை கட்டியிருக்கிறார்களாம். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் சாய்வாக ஓடும் சட்டம், கார்னிஸ், சுற்றிலும் எங்கள் வேலை. ஒவ்வொரு மூலைக்கும் மேசையையும் திருப்ப வேண்டும், மெஷின் தலையையும் சாய்க்க வேண்டும். இரட்டைச் சாய்வு. வெட்டில் மயிரிழை பிசகினாலும் மூலை வாயைப் பிளந்துவிடும்.

“நூலண்ணன் கை பட்டாத்தான் அந்த மூலை சேரும்க்கா” என்றார் என்னிடம்.

கை என்ற சொல்லைக் கேட்டதுமே என் பார்வை இவருடைய இடது கைக்குப் போனது. இவரோ புது மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். உள்ளே போய் டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், இரண்டு பேரும் அப்படியே குடித்தார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

மதியம் ஒரு சட்டத்தின் நுனியை வெட்டினார். வெட்டு முடிந்தது, சுவிட்சை விட்டார். பிளேடு உடனே நிற்காது, சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது ஓய்வதற்குள் நுனித்துண்டைத் தேடி இடது கை மெல்ல ஊர்ந்து போகிறது. அவர் பார்வை நேரே கோட்டின் மேல். கை போவது அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

“எடு!” என்று கத்தினேன்.

கையை எடு என்றுதான் சொன்னேன். அவர் காதில் துண்டை எடு என்று விழுந்திருக்கிறது. எடுத்தார். உள்ளே கையை விட்டு எடுத்தார்.

சட்டைக் கையின் பொத்தான் பறந்து டியூப் லைட்டில் பட்டது. சட்டைத் துணி பல்லில் சுற்றிக் கிழிந்தது. நடுவிரல் நுனியில் சதை போய்விட்டது. எலும்பு தப்பியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூடி அதன் இடத்தில் இருந்திருந்தால் இதுகூட ஆகியிருக்காது.

மார்ச் 12, புதன்

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்ச் 13, வியாழன்

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. “இவதான் எடுன்னா, எடுத்தேன்.” சொன்னேன்தான். இல்லையென்று எப்படிச் சொல்வது?

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் பட்டறையில் எல்லாவற்றுக்கும் எடுதான். தலையைத் தூக்க எடு. சட்டத்தை நகர்த்த எடு. துண்டைப் பொறுக்க எடு. கையை விலக்கவும் அதே எடு. இத்தனை வருஷமும் நான் எந்த எடுவைச் சொல்கிறேன் என்று என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார். இப்போது என் முகம் அந்த ஓரத்தில் நிற்கிறது, அவருக்குத் தெரியாத ஓரத்தில்.

‘நில்’ என்று சொல்லியிருக்கலாமே. பாவி வாயில் வந்ததா?

மார்ச் 15, சனி

தையல் போட்ட டாக்டரே பிடித்துவிட்டார். இடது பக்கம் நின்று நர்ஸ் பேசப் பேச இவர் வலது பக்கம் தேடியிருக்கிறார். நேரே கண் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அமுக்குகிறார், அப்புறம் ரொம்ப நேரம் பொத்தான் சத்தமே இல்லை. அந்த நொடிகளை எண்ணியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். கடைசியில் ஒரு தாள் வந்தது. நடுவில் கொஞ்சம் வெள்ளை. சுற்றிலும், முக்கியமாக இடது பக்கம், கறுப்பு.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “நடுவுல நல்லாத் தெரியும்மா. ஊசி கோப்பாரு, பேப்பர் படிப்பாரு. அதனாலதான் அவருக்கே தெரியல. போன பார்வை திரும்பாது. மருந்து விட்டா, இருக்கறதக் காப்பாத்தலாம்.”

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரம்ப மெஷின் ஓட்டலாமா என்று. பதில் சொல்லும் முன் டாக்டரம்மா அவருடைய கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். கூடாது என்றார்.

திரும்பும் வழியில் நடைபாதையில் ஒரு கம்பத்தில் மோதினார். மனுஷன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். சிரிப்பதா அழுவதா? நான் இரண்டும் செய்யவில்லை, அவர் இடது பக்கத்துக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறினார்.

மார்ச் 17, திங்கள்

சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை மட்டும் வாய் திறந்தார்: “ரெண்டு கையும் இருக்கு. வச்சுக்கிட்டு என்ன பண்ண?”

பட்டறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுதக்கூட மனசு வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சாவியைக் காணோம். ஈரத் தலையோடு ஓடினேன்.

மெஷின் முன்னால் நிற்கிறார். பிளக் சொருகியிருக்கிறது. வலது கை பிடியில். சட்டம் எதுவும் இல்லை, வெறும் மேசை. வெட்டச் சட்டமே இல்லாமல் எதை வெட்ட நிற்கிறார்?

“சும்மா நிக்கறேன்” என்றார்.

பிளக்கைப் பிடுங்கினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீங்க போய்ட்டா நான் எந்த வாலப் பிடிச்சு நிக்கறது, சொல்லுங்க, சொல்லிட்டு நில்லுங்க — கத்திக்கொண்டே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷன் இல்லாமல் என்னால் முடியாது. அதை இதுவரை அவரிடம் சொன்னதே இல்லை, இன்றைக்குத்தான் சொன்னேன், அதுவும் திட்டாக.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒயரைச் சுருட்டி என் மடியில் வைத்தார்.

மார்ச் 19, புதன்

காண்ட்ராக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். அண்ணனுக்கு உடம்பு சரியாகட்டும், மூலை வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். இவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியவில்லை. கழுத்து முறிந்த கோழி மாதிரி.

நாங்களே செய்கிறோம் என்று என் வாய் சொல்லிவிட்டது. யார் வெட்டுவது என்று காண்ட்ராக்டர் கேட்டார். நான்தான் என்றேன். சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு என்ன துணிச்சல்? வாலைப் பிடித்தவளுக்குத் தலையைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 21, வெள்ளி

முதல் வேலையாகக் கம்பியைப் பிரித்தேன். மூடி சட்டென்று விழுந்து மூடிக்கொண்டது. அப்புறம் மெஷின் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தேன். ஆடியது! இத்தனை நாள் ஆடுகிற மெஷினிலா வெட்டினோம்? நாலு காலிலும் போல்ட் போட்டு முறுக்கினேன். இரண்டு பக்கமும் தாங்குகட்டை வைத்து, மேசை மட்டத்துக்குச் சரிபார்த்தேன். எல்லாம் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான்.

அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன், கையை முழங்கைக்கு மேலே கத்தரித்துவிட்டு. வளையலைக் கழற்றினேன். தலைமுடியை இறுக்கி முடிந்தேன். கையுறை போடவில்லை, பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினேன். சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன், என் கையை நம்பவில்லை.

சுவிட்சை அமுக்கியதும் அந்தச் சத்தத்தில் நானே அலறிவிட்டேன். அவசரத்தில் தலையை இறக்கினேன், பிளேடு கட்டையில் உதைத்தது. வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:

“முழுசா சுத்தவிடு, அப்புறம் எறக்கு.”

மூன்று நாளாகப் பேசாத மனுஷன். கண்ணுக்குத் தெரியாததைக் காது பார்த்திருக்கிறது. வெட்டி முடித்துச் சுவிட்சை விட்டேன். தலையைக் கீழேயே வைத்துக்கொண்டு நின்றேன், பிளேடு முழுக்க ஓயும்வரை. அப்புறம்தான் தூக்கினேன்.

மார்ச் 24, திங்கள்

மரத்தைத் தின்கிறேன். மேசையை முப்பத்தொன்றரை டிகிரிக்குச் சற்றுத் தாண்டித் திருப்பு, தலையை முப்பத்துநாலுக்குக் கொஞ்சம் முன்னால் சாய் என்று அவர் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் வைத்தேன். வெட்டி இரண்டு துண்டையும் சேர்த்தால் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டுகின்றன, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி. இரண்டுமே வலது மூலைத் துண்டு! நல்ல சட்டம் பாழ்.

சட்டத்தின் எந்த விளிம்பு மேசைக்குப் பின்னால் நிற்கும் பின்தடுப்பில் சாய்கிறது என்பதில்தான் வலதும் இடதும் மாறுகிறதாம். அவர் துண்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதை முன்னாலேயே சொன்னால் என்ன குறைந்துபோகும்?

ஒரு நல்லது. சாய்த்தபின் பிளக்கைச் சொருகாமல் தலையை ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன். பிளேடு நேரே பின்தடுப்பின் இரும்பில் போய் நின்றது. சுவிட்சைப் போட்டிருந்தால் பல் சிதறி முகத்தில் வந்திருக்கும். தடுப்பை வெளியே இழுத்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்தேன். உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 26, புதன்

“ஒரே ஒரு வெட்டு” என்று கேட்டார். குழந்தை மாதிரி கேட்டார். கிளாம்ப் போட்டிருக்கிறதே, மூடி இருக்கிறதே, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன் என்றார். என் மனசு இளகிக்கொண்டே வந்தது. அப்போது, பேசிக்கொண்டே, அவருடைய இடது கை மேசையில் ஊர்ந்து பிளேடுக்கு நேராகப் போய் உட்கார்ந்தது. அவருக்குத் தெரியவில்லை.

நான் கத்தவில்லை. அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

கையை மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு வெளியே போய்விட்டார்.

மார்ச் 27, வியாழன்

இன்றும் பட்டறைப் பக்கம் வரவில்லை. தனியாக வாலுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து வெட்டினேன். நுனி தொங்கிவிட்டது, வெட்டு கோணல். காண்ட்ராக்டர் போன் செய்தார், எடுக்கவில்லை. முடியாது என்று நாளைக்குச் சொல்லிவிடலாமா?

ஏப்ரல் 3, வியாழன்

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மிச்சமிருந்த நீளச் சட்டத்தை மட்டும் சாய்த்துவைக்கப் பட்டறைக்குப் போனேன்.

மறுமுனையில், நான் எப்போதும் நிற்கிற இடத்தில், அவர் நிற்கிறார். பழைய சட்டைக் கையைக் கத்தரித்துக்கொண்டு. வாலை இரண்டு கையாலும் தூக்கி மட்டம் பார்த்துப் பிடித்திருக்கிறார். என்னையும் மெஷினையும் பார்க்கவில்லை. வாலைத்தான் பார்க்கிறார்.

விளிம்பைச் சரிபார்த்தேன், கிளாம்பை இறுக்கினேன், சும்மா ஒரு தடவை இறக்கித் தூக்கினேன், பிளக்கைச் சொருகினேன். விரல் சுவிட்சுக்குப் போனது.

“கை?” என்றார்.

புரியவில்லை. என்ன கை என்றேன்.

“உன் கை எங்க இருக்குன்னு கேட்டேன். வாலப் பாத்தா அங்க எனக்கு ஒண்ணும் தெரியல. வாயால சொல்லு.”

தெரியல. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறேன். கண்ணாடிக்குள் எனக்குத் தண்ணீர் கோத்துக்கொண்டது. கழற்றித் துடைத்து மாட்டும்வரை வாலை இறக்காமல் நின்றார்.

“கை வெளிய இருக்கு” என்றேன். அமுக்கினேன்.