தேறிய பூச்சியம்

பெப்ரவரி 9
கம்பனி சேமலாப நிதியின் புதிய முதலீட்டுத் திட்டம் அச்சாகி வந்தது. நிலக்கரிக் கம்பனிப் பங்குகளை விற்பது, 2050க்குள் நிதியின் முதலீடுகளால் வரும் காபன் வெளியேற்றத்தைத் தேறிய பூச்சியமாக்குவது, அதாவது 'நெட் ஸீரோ' — ஒவ்வொரு வரியும் நான் ஆங்கிலத்தில் எழுதியது. நவம்பரில் அக்குறணையில் எங்கள் புடவைக்கடைக்குள் கழுத்தளவு வெள்ளம் நின்றது. வானத்தை இப்படிக் கெடுக்கிற புகைக்கா நம் ஓய்வுகாலக் காசு போக வேண்டும் என்று கேட்டு, எட்டு வாரம் இருந்து எழுதினேன். அட்டையில் நிதி முகாமையாளர் சண்முகநாதனின் பெயர்.

என் பெயர் எங்கே என்று அவரிடமே கேட்டேன். "பஸீஹா மிஸ் தமிழாக்கத்த மட்டும் பாருங்க. அதுதான் உங்களுக்குச் சரி" என்றார், சிரித்துக்கொண்டே.

பெப்ரவரி 11
பார்க்கிறேன். நன்றாகவே பார்க்கிறேன்.

பெப்ரவரி 16
ஒரு சொல்லும் கூட்டவில்லை. 'காபன் வெளியேற்றம்' என்பதை மட்டும் எடுத்தேன். வத்தேகம தொழிற்சாலையில் ஒட்டப்போகும் சுற்றறிக்கை இப்போது சொல்கிறது: "2050க்குள் எமது சேமலாப நிதி தேறிய பூச்சியத்தை அடையும்." சண்முகநாதன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நெஞ்சு குளிர்ந்தது.

ரஸீனிடம் சொன்னேன். என் புருஷன் சிரிக்கவில்லை. "மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை எண்டு நிக்கிறியா? திட்டம் ஒன்ட தானே?"

என்னுடையது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பெப்ரவரி 27
அங்கத்தவர் கூட்டம். பொதியிடும் பகுதி அழகமுத்து எழுந்தார். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவர். "தேறிய சம்பளம்னா என்னான்னு எங்களுக்குத் தெரியும் சேர். புடிச்சது போக மிச்சம். அந்த மிச்சமா பூச்சியம்?"

மண்டபம் கொதித்தது. சண்முகநாதன் ஆங்கிலத்தில் விளக்க விளக்க இன்னும் கொதித்தது. என்னைப் பார்த்தார். ஒரு வரி சொன்னால் போதும். ஏன் சொல்ல வேண்டும்? கையிலிருந்த கோவையின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டத்துக்குக் கை தூக்கியவர்கள் மூன்று பேர். நானும் தூக்கவில்லை.

மார்ச் 6
அவரை நிதிச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நல்லா வேணும். மதியம் இரண்டு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டேன்.

மார்ச் 20
அங்கத்தவர் பிரதிநிதியாக என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். போட்டியே இல்லை. "இங்கிலீசுல ஒளிச்சி வச்சத மிஸ்தான் தமிழ்ல போட்டு நம்மள காப்பாத்துனாங்க" என்று அழகமுத்து முன்மொழிந்தாராம். எனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஏப்ரல் 2
முதல் சபைக் கூட்டம். அங்கத்தவர் விருப்பப்படி நிலக்கரிப் பங்குகளை வைத்திருப்பதோடு இன்னும் வாங்குவதென்று தீர்மானம். பிரதிநிதியின் கையெழுத்து வேண்டும். மறுத்தால் காரணம் கேட்பார்கள். என்னத்தச் சொல்ற? எந்த வாயால சொல்ற?

போட்டேன்.

வெளியே அழகமுத்து நின்றார். "எங்க காசு பத்திரம்தானே மிஸ்?"

தலையாட்டினேன். இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.