ஒரு பிடி படுகள மண்

12 மே 2023, வெள்ளி. மாமல்லபுரம்

விடுதி அறைக்குப் பின்னால் சிற்பக்கூடம். காலை ஏழு மணிக்கே உளிச் சத்தம் ஆரம்பித்துவிடுகிறது. இருபத்திரண்டு வருடம் மலேசியாவில், கிள்ளான் மருத்துவமனையில் மானிட்டர் சத்தத்தோடு வேலை பார்த்த காதுக்கு இது தாலாட்டு.

ஒரு மாத விடுப்பில் மதுரை, தஞ்சாவூர், சிதம்பரம் முடிந்தது. இது கடைசி ஊர். இருபதாம் தேதி விமானம்.

இன்று மகிஷாசுரமர்த்தினி குகை. எருமைத்தலையன் பின்வாங்குகிறான், இன்னும் விழவில்லை. அம்மன் முகத்தில் கோபமே இல்லை. நோயாளி எவ்வளவு கத்தினாலும் அசையாமல் ஊசி போடும் சீனியர் நர்ஸ் மாதிரி இருக்கிறாள். ஆட்டோ ஓட்டும் பூபாலனிடம் இதைச் சொன்னேன். நான்கு நாளாக அவர்தான் என்னைச் சுற்றிக் காட்டுகிறார். முப்பது வயது இருக்கும்.

"சண்டைதான் பாக்கணும்னா கல்லுல இன்னாக்கா பாக்கறது? ஞாயித்துக்கெழம ஒத்தப்பனைன்ற ஊர்ல படுகளம் கீது. துரியோதனன மண்ணுல செஞ்சி படுக்க வெச்சிருப்பாங்க. பீமன் வந்து தொடைய ஒடைப்பான். எங்க வூட்லேந்து ரெண்டு கிலோமீட்டர்."

"நீங்களும் வருவீங்கதானே?"

"நான் ரோட்ல வண்டியோட நிக்கறேன். நீங்க உள்ள போய் நல்லா பாருங்க."

வண்டி நிறுத்த இடம் இருக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.


13 மே, சனி

செய்யூர் பக்கம் பூபாலன் வீட்டில் மதியச் சாப்பாடு. மனைவி பிரிசில்லா, ஆறு வயது மகள் ஜெனிஃபர். பிரிசில்லா கலகலப்பான பெண், கையும் வாயும் சேர்ந்தே ஓடும். கிளம்பும்போது அவரிடம் விரலை நீட்டிச் சொன்னாள்: "நாளைக்கி அங்க வண்டிய வுட்டு எறங்காத. இன்னா, புர்தா?" சிரித்துக்கொண்டே சொன்ன மாதிரிதான் இருந்தது.


14 மே, ஞாயிறு

முடியவில்லை. நகக்கண்ணில் இன்னும் ரத்தம்.


15 மே, திங்கள்

எழுதிவிட வேண்டும். நடந்தது நடந்த வரிசையில்.

காலை பத்து மணி. திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே திடல். நாற்பது அடி நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். முறுக்கு மீசை, உருட்டி விழித்த கண்கள், மார்பெல்லாம் மஞ்சளும் பச்சையும். சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ராகவன் என்று ஒருவர், ஊர்த் தலைவரின் மைத்துனராம், "மலேசியாலேந்து வந்துகீறாங்க, வழி வுடுங்கப்பா" என்று என்னைக் கயிற்றுக்குள்ளே முன்வரிசையில் கொண்டு போய் நிறுத்தினார். மோர் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

கூத்துக்காரர்கள் அந்த மண் உடம்பின் மேலேயே ஏறி ஓடிச் சண்டை போட்டார்கள். பீமன் வேஷம் கட்டியவர் பெயர் தேவேந்திரன் என்று பிறகு தெரிந்தது. கதாயுதத்தை ஓங்கித் தொடையில் அடித்தார். உள்ளே புதைத்து வைத்திருந்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. திரௌபதி வேஷக்காரர் அதில் கூந்தலை நனைத்து முடிந்தார். ஜனம் மொத்தமும் கத்தியது. நானும் கத்தினேன். ரத்தம் எனக்குப் புதிதில்லை. சந்தோஷத்தில் கத்தியது இதுதான் முதல் தடவை.

பிறகு எல்லோரும் துரியோதனன் மேல் விழுந்து மண்ணைப் பிய்த்தார்கள். வீட்டில் வைத்தால் நல்லதாம். எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது? கிள்ளானுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்க. அவ்வளவுதான் காரணம். கூட்டத்தில் நுழைய முடியவில்லை, ஒரு முழங்கை விலாவில் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு வெளியே, ரோட்டோரம், ஆட்டோ பக்கத்தில் பூபாலன் நின்றிருந்தார். கையசைத்துக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி கூப்பிட்டேன்.

"தம்பி, எனக்கு ஒரு பிடி மண் எடுத்துக் குடுங்க!"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். லேசாகச் சிரித்தார். கயிற்றைத் தாண்டி வந்தார்.

துரியோதனன் தோளில் கால் வைத்துக் குனிந்து ஒரு பிடி அள்ளினார். "டேய், இவன் காலனிக்காரன்டா! எவன்டா உள்ள வுட்டது?" என்று ஒரு குரல். அதோடு சேர்த்துச் சொன்ன வார்த்தைகளை எழுத மாட்டேன்.

ஆறு பேர். எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் முதுகில் உதைத்தான். முகத்தை ஈர மண்ணுக்குள் அழுத்தி மிதித்தார்கள். பச்சைச் சட்டை போட்டவன் தேவேந்திரன் கையிலிருந்த கதாயுதத்தைப் பிடுங்கினான். அது அட்டை இல்லை, கட்டை. அடி விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது, கன்ன எலும்பு. இரண்டாவது அடி கண்ணில்.

மேளம் நிற்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் இதையும் கூத்து என்று நினைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தேவேந்திரன் கிரீடத்தோடு பூபாலன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். "வுடுங்கடா, செத்துருவான்டா!" அவர் முதுகிலும் இரண்டு விழுந்தது. படம் பிடித்துக்கொண்டிருந்த என் போன் எங்கேயோ விழுந்தது. நான் "நர்ஸ், நான் நர்ஸ்" என்று கத்தினேன். அந்த இடத்தில் அதைப் போய்ச் சொன்னேனே! துப்பட்டாவை மடித்து அவர் கண்மேல் அழுத்தினேன். மோர் கொடுத்த அதே குரலில் ராகவன் என் காதருகே சொன்னார்: "மேடம், நீங்க நவுருங்க. இது ஊரு விஷயம்."

ஆட்டோவை ஓட்டியது தேவேந்திரன். செங்கல்பட்டு அரசு மருத்துவமனை வரைக்கும் பீமன் வேஷத்தோடு. சிக்னலில் நின்ற பிள்ளைகள் டாட்டா காட்டின.

பூபாலனின் வலது கை மூடியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். உள்ளே மண். எனக்காக எடுத்த மண். கை கழுவும் தொட்டியில் கரைத்துவிட்டேன்.


16 மே, செவ்வாய்

காவல் நிலையம். என் பாஸ்போர்ட் எஸ்.ஐ. மேசைமேல். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அவரா உள்ள போனாரா, யாராவது கூப்ட்டாங்களா?"

"அவராகத்தான் போனார்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கேஸில் மாட்டினால் இருபதாம் தேதி போக முடியாது என்றா? வெட்கமா? ரெண்டும்தான். எழுதறப்பவாவது ஒழுங்கா எழுது அமிர்தவல்லி. பயம். வேற ஒண்ணுமில்ல.

வாசலில் ராகவன் காத்திருந்தார். என் போனைத் துடைத்துச் சுத்தமாகக் கொடுத்தார். "வீடியோ மட்டும் எப்டியோ அழிஞ்சிப் போச்சி. உங்க மத்த போட்டோல்லாம் அப்டியே கீது, மேடம். நல்லபடியா ஊரு போய்ச் சேருங்க."


19 மே, வெள்ளி

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

பிரிசில்லா கட்டில் பக்கத்தில் நின்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "எறங்காதன்னு சொன்னேனே! படிச்சிப் படிச்சி சொன்னேனே! எந்தப் பேயி உன்ன இட்னு போச்சி?"

பூபாலன் மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளிடம் சொன்னார்: "ஆசையா இருந்திச்சி. போய்ட்டேன்."

அந்தப் பேய் அங்கேதான் நின்றது, சலைன் பாட்டிலைச் சரி பார்த்துக்கொண்டு. வாயைத் திறக்கவில்லை.


3 ஜூலை 2023. கிள்ளான்

ஒரு நோயாளியின் மகன் பயிற்சி நர்ஸைப் பிடித்துத் தள்ளினான். அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். இரண்டு முறை. முதல் முறை அவளுக்காக. இரண்டாவது? மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சமையலறைக் கத்தியைப் பார்த்தால் பச்சைச் சட்டைக்காரன் கழுத்து ஞாபகம் வருகிறது. நானா இது?


11 பிப்ரவரி 2024

பூபாலனிடமிருந்து குரல் செய்தி. வாசலில் நின்ற ஆட்டோவைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். "கேஸ வாபஸ் வாங்குன்றானுங்க. மாட்டன்னேன். வூட்டப் பூட்டிட்டு புதுப்பட்டினம் வந்துட்டோம்க்கா. மீன் மார்க்கெட்ல ஐஸ் ஒடைக்கறேன்."

ஒற்றைக் கண்ணோடு ஐஸ் உடைக்கிறார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாட்சி சொல்ல வருவீர்களா என்றுகூட.


21 ஜூலை 2025, திங்கள். செங்கல்பட்டு

சம்மன் வந்தது. வந்துவிட்டேன்.

அரசு வழக்கறிஞர் கீர்த்தனா, சின்ன வயசு, தூங்காத கண்கள். போன வாரம் தேவேந்திரன் பல்டி அடித்துவிட்டாராம். வேஷப்பொடி கண்ணில் விழுந்துவிட்டது, அடித்தவர்களைப் பார்க்கவில்லை என்று. அவர் குழுவுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு ஊர் கூத்து இருக்கிறது. மேலே விழுந்து உயிரைக் காப்பாற்றியவரை நான் என்னவென்று திட்டுவது?

"இப்ப நீங்க மட்டும்தான் இருக்கீங்க" என்றார் கீர்த்தனா.

சொன்னேன். கூப்பிட்டது நான்தான் என்று. அவர் பேனாவை மேசையில் எறிந்தார்.

"ரெண்டு வருஷம் கழிச்சி இதச் சொல்றீங்களா? 'அவனா வம்புக்கு வந்தான், தள்ளுமுள்ளுல வுழுந்துட்டான்'னு தான் அவங்க கேஸே நிக்குது. அதுக்கு ஆதாரம் உங்க ஸ்டேட்மெண்ட்தான்! இப்ப மாத்திச் சொன்னா கூண்டுலயே உங்களக் கிழிச்சிருவாங்க."

"கிழிக்கட்டும்."


22 ஜூலை, செவ்வாய்

கிழித்தார்கள்.

"அப்போ போலீஸ்கிட்ட பொய் சொன்னீங்க?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"ஆமாம்."

"பொய் சொல்ற பழக்கம் உள்ளவங்க இன்னிக்கும் சொல்லலாமே?"

"அன்னைக்கு என்னைக் காப்பாத்திக்கச் சொன்னேன். இன்னைக்குச் சொல்றது எனக்கே எதிரா இருக்கு. யாராவது அப்படிப் பொய் சொல்வாங்களா?"

நீதிபதி அதை எழுதச் சொன்னார். ஆறு பேரையும் நிற்க வைத்தார்கள். பச்சைச் சட்டைக்காரன் இன்று வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அவனையும், முகத்தை மிதித்தவனையும் தயங்காமல் காட்டினேன். மற்ற நான்கு பேர் இருந்தார்கள், ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்றே சொன்னேன். பின் பெஞ்சில் ராகவன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் பேரில் வழக்கே இல்லை.

வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் பிரிசில்லா நேராக வந்து அறைந்தாள். காதில் ஙொய் என்று சத்தம். மறுபடி ஓங்கினாள். பூபாலன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ரெண்டு வருசம்! நீயா போய் கண்ணக் குடுத்தியேன்னு தெனம் தெனம் இந்த ஆள சாவடிச்சேன். ஒரு வேள சோறு நிம்மதியா துன்ன வுடல. எம் பொண்ணு கூட 'ஏம்பா எறங்கின'ன்னு கேக்குது. வாயத் தொறந்தாங்களா ரெண்டு பேரும்?" அவர் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்யா சொல்லல?"

"சொன்னா அவங்க பேரையும் கேஸ்ல இழுத்திருப்பானுங்க. பயந்துகினு திரும்பி வராம பூட்டா? அந்த ஊருக்கு கட்டுப்படாத சாட்சி அவங்க ஒருத்தர்தான்."

பிரிசில்லா தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கன்னம் எரிந்தது. பட வேண்டியதுதான். இன்னும் ரெண்டு பட்டிருக்கலாம்.


23 ஜூலை

பேருந்து நிலையத்துக்கு பிரிசில்லா மட்டும் வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கொஞ்சம் தள்ளி.

"நேத்து அவராண்ட மன்னிப்பு கேட்டுட்டேன். உங்களாண்ட கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க."

"நீங்களும் எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு இன்னும் வரல."

பஸ் வந்ததும் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.


28 நவம்பர் 2025, வெள்ளி. கிள்ளான்

திங்கட்கிழமை தீர்ப்பு. நான் காட்டிய இரண்டு பேருக்கும் ஏழு வருடம். நான்கு பேர் விடுதலை. அன்று கீர்த்தனா அனுப்பிய செய்தியில் இவ்வளவுதான் இருந்தது. மேல்முறையீடு போவார்களாம்.

இன்று மதியம் போன் அடித்தது. பிரிசில்லா. இதுவரை அவளாகக் கூப்பிட்டதே இல்லை.

"பழைய வூட்ட தொறந்துட்டோம். எலி, கரையான், எல்லாம் கீது. பெருக்கி வுட்டுட்டேன்."

"அங்கேயே வந்துட்டீங்களா? அந்த நாலு பேரும் வெளியேதானே இருக்கானுங்க?"

"இருக்கட்டுமே. எங்க வூடு."

வெளியூரிலிருந்து அவர்கள் காலனிக்குப் போக ஒத்தப்பனையின் நடுத்தெருதான் நேர் வழி. சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் வயல்காட்டைச் சுற்றித்தான் போய் வந்தார்கள். இப்போது ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாளாம்.

"எந்த வழியாப் போனீங்க?"

"நடுத்தெருவுலதான். ராகவன் வூட்டு வாசல்ல அந்த நாலு பேரும் நின்னுகினு இருந்தானுங்க. ஹாரன்ல வெச்ச கைய எடுக்கவே இல்ல நானு. தெரு முடியற வரிக்கும்."

"பூபாலன்?"

"பின்னாடி ஒக்காந்துகினு ரெண்டு பக்கமும் பாத்துகினே வந்தாரு. ஒரு கண்ணுதானே. ரொம்பத் திரும்பணும்."